பாதுஷா ராவுத்தர் மறுத்தார்

மதுரைக் கோர்ட்டுக் கச்சேரி வாசலில் அந்தக் காலத்தில் மனு எழுதுகிறவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். பத்துப் பேர் தமிழில் எழுதினார்கள். காஜிமார் தெரு பாதுஷா ராவுத்தர் ஒருவர்தான் இங்கிலீஷில் எழுதினார். அதனால் அவருக்கு மட்டும் நாற்காலி, மற்றவர்களுக்குத் தரையில் சாக்கு. நாற்காலி ஒன்றும் சர்க்கார் கொடுத்ததல்ல, அவரே வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் போட்டதுதான். ஆனாலும் தரையில் இருக்கிறவனுக்கு நாற்காலியில் இருக்கிறவன் மேல் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்துக்குத்தான் நம் ஜனங்கள் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சிவப்புத் துருக்கித் தொப்பி, கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, காதில் ஒரு பேனாக்கட்டை. நாற்பது வயதுக்குள் தலை முழுக்க நரைத்துவிட்டது. 'இங்கிலீஷ் ராவுத்தர்' என்று கேட்டால் கச்சேரிப் பியூன் கூட எழுந்து நின்று கை நீட்டிக் காட்டுவான். அந்தப் பட்டத்துக்காக அவர் உயிரையும் கொடுப்பார் என்று சொல்லலாம். கடைசியில் அவர் கொடுத்தது வேறொருவனுடைய ஒன்பது மாதத்தை.

அவருடைய அப்பா சிக்கந்தர், கீழவாசலில் அத்தரும் சாம்பிராணியும் விற்றவர். எழுத்து வாசனையே கிடையாது. மகன் கோட்டுப் போட்டுக் கச்சேரியில் உட்கார வேண்டும் என்று ஆசைப்பட்டார். மகனும் நாலாம் பாரம் வரை போனான். அங்கே ஒரு கனவு வந்து காலை வாரிவிட்டது. 'நேற்று ஒரு கனாக் கண்டேன்' என்பதை இங்கிலீஷில் எழுதச் சொன்னார் வாத்தியார். பையன் 'ஐ சா எ ட்ரீம்' என்று எழுதினான். கண்டேன் என்றால் 'சா' தானே? வாத்தியார் அவனைப் பெஞ்சு மேல் ஏற்றி வகுப்பு முழுவதையும் சிரிக்க வைத்தார். வெள்ளைக்காரன் கனவைக் காண்பதில்லையாம். 'ஐ ஹேட் எ ட்ரீம்' என்று அதை வைத்திருக்கிறானாம். ஊரான் சொத்தையெல்லாம் வைத்துக்கொள்கிறவன் கனவை மட்டும் விட்டுவைப்பானா என்று திருப்பிக் கேட்க அந்தப் பையனுக்கு வாய் இல்லை.

அன்றைக்கு ஒரு நோட்டுப் போட்டான். தமிழில் ஒரே சொல்லாக இருந்து இங்கிலீஷில் இரண்டாகவும் மூன்றாகவும் பிரிகிறவற்றையெல்லாம் அதில் எழுதி வைக்கத் தொடங்கினான். தானாகக் கண்ணில் பட்டால் சீ. வேண்டுமென்று திரும்பிப் பார்த்தால் லுக். விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் வாட்ச். களவு போன பொருளைச் சொன்னால் ஸ்டீல், பறிகொடுத்த ஆளைச் சொன்னால் ராப். கொடியில் துணியைத் தொங்கவிட்டால் ஹங், கயிற்றில் மனுஷனைத் தொங்கவிட்டால் ஹேங்ட். நோட்டு வளர வளர ஆளுக்குத் தலைக்கனமும் வளர்ந்தது. "தமிழ் தாராளமான பாஷை, ஒரு சொல்லை வைத்து ஒன்பது வேலை வாங்கும். இங்கிலீஷ்காரன் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஆள் போட்டிருக்கிறான்" என்று பின்னாளில் மரத்தடியில் பிரசங்கம் செய்வார்.

நோட்டு வளர்ந்ததே தவிரப் பரீட்சை கைகொடுக்கவில்லை. நாலாம் பாரத்தில் இரண்டு தடவை கோட்டை விட்டான். மூன்றாம் தடவை உட்கார அனுமதி கேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எழுதினான். ஒரு வாரத்தில் பதில் வந்தது. அதில் இரண்டே சொற்கள். பெர்மிஷன் டினைட்.

சிக்கந்தர் கடையில் அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற பதினாறு வயதுப் பிள்ளை அழவில்லை. நோட்டை எடுத்தான். வீட்டில் அகராதி கிடையாது. இருந்தாலும் அந்த ரோஷத்தில் புரட்டியிருக்க மாட்டான். கேட்ட அனுமதியைத் தர மறுத்துவிட்டார்கள், ஆகவே டினை என்றால் தர மறுப்பது. தமிழில் இன்னொரு மறுப்பும் இருக்கிறதே, சொன்ன பழியை ஒப்ப மறுப்பது, அதற்கு? மிச்சம் இருந்தது ரெஃப்யூஸ். அதை அதற்குக் கொடுத்தான். அண்ணனுக்கு உரியதைத் தம்பிக்கும் தம்பிக்கு உரியதை அண்ணனுக்கும் எழுதிவைத்த பாகப்பிரிவினை மாதிரி ஆகிவிட்டது.

உள்ளபடி அது நேர் தலைகீழ். 'நீ செய்தாய்' என்று பழி சொல்லும்போது 'இல்லை' என்றால் அது டினை. 'செய், கொடு, வா' என்று சொல்லும்போது 'மாட்டேன்' என்றால் அது ரெஃப்யூஸ். இல்லை என்பதற்கும் மாட்டேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம், அவ்வளவுதான். அனுமதி விஷயத்தில் மட்டும் டினை வேறு வேஷம் கட்டிக்கொண்டு வரும். ராவுத்தரின் கெட்ட நேரம், அந்தச் சொல்லை முதல் முதலில் அவர் பார்த்தது அந்த வேஷத்தில். தன்னைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்திய காகிதத்தையே வாத்தியாராக வைத்துக்கொண்டு பாடம் படித்தால் வேறென்ன வரும்?

அந்தப் பாடத்தை வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் மனு எழுதினார். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்க யாராவது வாசித்திருக்க வேண்டுமே? வாய்க்கால் மராமத்து மனுவையும் சுடுகாட்டுப் பாதை மனுவையும் எந்தத் துரை உட்கார்ந்து படித்தான்? நம்பர் போட்டுக் கட்டி வைத்தார்கள், கரையான் வாசித்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திமூன்றாம் வருஷம் புரட்டாசியில் மொக்கையன் வந்தான்.

மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் ரேகைச் சட்டம் ஆண்ட காலம் அது. அந்த ஊர்களில் ஆம்பளையாகப் பிறந்தவனெல்லாம் திருடப் போகிறவன் என்று சர்க்கார் முடிவு கட்டிவிட்டது. பொழுது சாய்ந்தால் சாவடிக்குப் போய், மணியக்காரர் நோட்டில் கட்டைவிரல் ரேகை வைத்து, அங்கேயே படுத்துக் கிடந்து விடிந்தபின் வீட்டுக்கு வர வேண்டும். புதுப் பெண்டாட்டி கட்டியவனுக்கும் அதே கதி, பிள்ளை செத்தவனுக்கும் அதே கதி. அதற்கு ஆஜர் என்று பெயர். ஆஜர் தவறினால் ஜெயில்.

மொக்கையன் ஆஜர் தவறியவன் அல்ல. அவனிடம் ஒரு மயிலைக்காளை இருந்தது, அதுதான் அவன் செய்த குற்றம். மணியக்காரர் அந்தக் காளையைக் கேட்டார். அவன் தர மாட்டேன் என்றான். அடுத்த மூன்று நாளும் சாவடியில், "நோட்டு ஸ்டேசனுக்குப் போயிருக்கு, இதுல வையி" என்று மணியக்காரர் துண்டுக் காகிதத்தில் அவன் ரேகையை வாங்கினார். நாலாம் நாள் நோட்டு வந்தது. மூன்று நாளும் அதில் மொக்கையன் பேருக்கு நேரே வெறும் இடம். துண்டுக் காகிதம் அடுப்புக்குப் போனதோ ஆற்றுக்குப் போனதோ, மணியக்காரருக்கே வெளிச்சம். ஏட்டு வந்து, "மூணு நாள் ஆஜர் இல்லையாமே?" என்று கேட்டார். மொக்கையன் மறுத்தான். கேஸ் மதுரைக்கு வந்தது. வக்கீல் வைக்க வழியில்லாதவன் எழுத்தில் வாக்குமூலம் கொடுக்கலாம் என்று யாரோ சொல்ல, வெளியூர் போகிறதற்கு ஸ்டேஷனில் சீட்டு வாங்கிக்கொண்டு பெண்டாட்டி சின்னத்தாயோடு ரயிலேறி வந்து ராவுத்தர் நாற்காலிக்கு முன் நின்றான்.

மொக்கையன் வாய் அதிகம் பேசாத ஆள். சின்னத்தாய்தான் கதையைச் சொன்னாள்.

"அண்ணே, மாட்டைத் தரமாட்டேன்னுதான் சொன்னாரு. ஆசருக்கு வரமாட்டேன்னு ஒருநாளும் சொல்லல. மூணு நாளும் போனாரு, நான்தேன் கஞ்சி ஊத்தி அனுப்புனேன். வரலைன்னு சொல்றது அம்புட்டும் பொய்யி."

கவனித்தீர்களா? மாட்டேன் என்பது வேறு, இல்லை என்பது வேறு என்று ஒரு எழுத்தும் படிக்காத பொம்பளை பட்டுக் கத்தரித்த மாதிரி பிரித்துச் சொல்லிவிட்டாள். நாற்காலியில் இருந்தவர் காதில் அது ஏறவில்லை. அவருக்கு நோட்டு இருந்ததே!

"புரிஞ்சுபோச்சுத்தா. காளையைக் கேட்டாக, மறுத்தாரு. ஆஜரைப் பத்திக் கேட்டாக, அதையும் மறுத்தாரு. இம்புட்டுத்தானே?" என்றார் ராவுத்தர்.

"இம்புட்டுத்தேன். அந்தத் துண்டுக் காயிதத்துல ரேகை வாங்குனதையும் எழுதிருங்கண்ணே. மூணு நாளும் போனாருன்னும் ஒரு வரி."

ராவுத்தர் சிரித்தார். "துரைக்கு முன்னால கதையா படிக்கிறது? சுருக்கமா இருந்தாத்தான் இங்கிலீசுக்கு மதிப்பு. நீ சொன்னதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள்ள அடங்கியிருக்கு. நான் எழுதுனா எழுதுனதுதான்."

எழுதினார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதைச் சொல்லத்தான் வேண்டும். காளையைக் கேட்டபோது மனுதாரர் டினைட். மூன்று நாள் ஆஜரைப் பற்றி ஏட்டு கேட்டபோது மனுதாரர் ரெஃப்யூஸ்ட். முழுவதையும் தமிழில் வாசித்துக் காட்டினார். தமிழில் ஒரு குற்றமும் இல்லை. மறுத்தார், மறுத்தார் என்று இரண்டு இடத்திலும் சரியாகவே இருந்தது. மொக்கையன் தலையை ஆட்டினான். கட்டைவிரலை மைப்பெட்டியில் ஒற்றி அடியில் வைத்தான். வாழ்நாளெல்லாம் சர்க்காருக்கு ரேகை வைத்தவன், தனக்கென்று ஆசையோடு வைத்தது அது ஒன்றுதான். 'மனுதாரருக்கு வாசித்துக் காட்டினேன், சரியென்று ஒப்புக்கொண்டார்' என்று கீழே ஒரு வரி போட்டு ராவுத்தர் கையெழுத்திட்டார்.

பத்து நாள் கழித்துக் கேஸ் நடந்தது. ராவுத்தர் உள்ளே போகவில்லை, மரத்தடியில் இருந்தார். மத்தியானத் தொழுகைக்கு எழுந்திருக்கும்போது இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் மொக்கையன் வந்தான். கையில் விலங்கு. ராவுத்தரைப் பார்த்ததும் நின்று, விலங்கோடு கையைத் தூக்கிக் கும்பிட்டான்.

"ஒம்பது மாசமாம் ராவுத்தரே. எழுத்துல ஒரு கொறையும் இல்ல. துரை ரெண்டு தடவ வாசிச்சாரு."

போலீஸ்காரன் கயிற்றைச் சுண்டினான். பின்னால் சின்னத்தாய் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு ஓடினாள். ராவுத்தர், பாவம், சட்டம் அப்படி, நம்மால் என்ன செய்ய முடியும் என்று நினைத்துக்கொண்டு கை கால் கழுவி ஒளுச் செய்யப் போனார்.

மறுநாள் கோர்ட்டுத் துபாசி மரத்தடிக்கு வந்தார். துரைக்கும் ஜனங்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்கிற உத்தியோகம். வயதான மனுஷர், மூக்குப்பொடி ஆசாமி. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து பேசினார்.

"ஓய் ராவுத்தரே, மணியக்காரன் தள்ளினதுமில்லாம நீரும் குழி பறிச்சுட்டீரே. ஆஜருக்கு வரமுடியாதுன்னு அவன் சொன்னதா எழுதியிருக்கீர்!"

"நானா? ஒப்ப மறுத்தாருன்னு எழுதினேன்."

"ரெஃப்யூஸ்ட்னா மாட்டேன்னு சொன்னான்னு அர்த்தம். வரமாட்டேன்னு திமிராச் சொன்னவனை எந்தத் துரை விடுவான்? காளைக்கு டினைட்னு போட்டிருக்கீர். அப்படியொரு காளையே இல்லைன்னு சாதிக்கிறான்னு ஆச்சு. மணியக்காரன் மாட்டுக் கணக்கை எடுத்துக் காட்டினான். பொய்யன்னும் முடிவாச்சு, திமிர் பிடிச்சவன்னும் முடிவாச்சு. ரெண்டு சொல்லையும் இடம் மாத்தி வச்சிருக்கீர்."

ராவுத்தர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "நீங்க உள்ளதானே நின்னீக? ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"எனக்கு வாய் இருக்கு. ஆனா கேட்டாத்தான் திறக்கணும். இது உன் ரேகைதானான்னு கேட்கச் சொன்னார், கேட்டேன். ஆமா சாமின்னான்." துபாசி ஒரு சிட்டிகை பொடியை இழுத்துக்கொண்டார். "யானைக்கும் அடி சறுக்கும். முப்பது நாளுக்குள்ள அப்பீல் உண்டு. பிழை என்னுது, அவன் சொன்னது வேறன்னு நீர் ஒரு பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டா ஆள் வெளியே வந்துடுவான். உம்ம மனு எழுதுற லைசென்ஸ் போகலாம். போகாமலும் இருக்கலாம்."

அவர் போனபின் ராவுத்தர் நோட்டை எடுத்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பக்கம், பழுத்துப் போயிருந்தது. பிள்ளைக் கையெழுத்தில் இரண்டு வரி. பக்கத்துத் தெருவில் ஒரு வாத்தியாரிடம் பெரிய அகராதி இருந்தது. யாருக்கோ கேட்கிற மாதிரி போய் வாங்கிப் பார்த்தார். துபாசி சொன்னது சரி. பதினோரு வருஷத்தில் இந்த இரண்டு சொல்லையும் எத்தனை மனுவில் எழுதியிருப்போம் என்று எண்ணிப் பார்த்தார், எண்ண முடியவில்லை. எத்தனை பேர் செய்யாததைச் செய்ததாக ஒப்பிவிட்டுப் போனார்களோ? ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் அவர் கண்ணில் வந்து நின்றது மொக்கையன் முகம் அல்ல. பெஞ்சு மேல் நின்ற அன்றைக்குச் சிரித்த முப்பது முகங்கள்.

வீட்டில் பெண்டாட்டி ஜெயினம்பு கண்டுபிடித்துவிட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரைக் குடைந்து விஷயத்தை வாங்கினாள்.

"போயிச் சொல்லிட்டு வந்துருங்க. அல்லாவுக்குத் தெரிஞ்சதைத்தானே துரைக்குச் சொல்லப் போறீக?"

"சொல்லிட்டு? மத்தப் பத்துப் பேரோட சாக்குல உக்காரவா?"

"ஏன், சாக்குல உக்காந்தா சோறு எறங்காதா? அந்தப் புள்ள வீட்டுக்காரு கல்லு ஒடைக்கிறாருங்க."

"ஒனக்கு என்னடி தெரியும் இங்கிலீசு?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஜெயினம்பு தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இங்கிலீஷ் தெரிய வேண்டிய விஷயமா அது? அவருக்கே தெரியும், அல்லவென்று. தெரிந்ததால்தான் அவ்வளவு கோபம்.

லைசென்ஸ் போனால் பிழைப்புப் போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பாதி உண்மைதான். கீழவாசல் அத்தர்க் கடை தம்பி கையில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது, அண்ணனை அவன் பட்டினி போடமாட்டான். மீதிப் பாதி, இங்கிலீஷ் ராவுத்தருக்கு இங்கிலீஷ் தெரியாது என்று கச்சேரிப் பியூன் சொல்லிச் சிரிப்பான் என்பது. அந்தப் பாதிதான் கனம்.

இருபதாம் நாள் சின்னத்தாய் வந்தாள். உசிலம்பட்டியில் யாரோ விவரம் தெரிந்தவர் தீர்ப்புக் காகிதத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். வேப்பமரத்தடியில் கூட்டம் இருந்தது. அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணே, ஒரு வார்த்தை மாறிப்போச்சுன்னு சொல்றாக. வரலைங்கிறது பொய்யின்னு சொன்னதை, வரமாட்டேன்னு சொன்னதா எழுதிப்புட்டீகளாம். நெசமா?"

மற்றப் பத்துப் பேரும் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ராவுத்தருக்கு ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, ஆமாம் தாயி என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"எவன் சொன்னான்? நான் எழுதுனது சரியாத்தான் இருக்கு" என்றார்.

"அப்பச் சரி. நீங்க எழுதுனது சரின்னா, அவரு என்ன சொன்னாருன்னு உங்களுக்குத் தெரியுமில்ல? அதைக் கோர்ட்டுல வந்து ஒருக்கச் சொல்லுங்க. அப்பீலுக்கு நீங்க வந்தாப் போதும்னாக. பருத்தி ஊனணும்ண்ணே, மழை விழுந்துருச்சு. ஒத்தைப் பொம்பளை ஏரைப் பிடிக்க முடியல. காலுல விழுகுறேன்."

விழுந்தே விட்டாள். ராவுத்தர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"நான் மனு எழுதுறவன். சாட்சிக்கெல்லாம் வரமாட்டேன். போத்தா, போயி வேலையைப் பாரு."

அன்றைக்கு அவர் மறுத்தார். இரண்டு விதமாகவும் மறுத்தார். செய்ததை இல்லை என்று மறுத்தார். செய்ய வேண்டியதை மாட்டேன் என்று மறுத்தார். இருபத்திரண்டு வருஷமாக நோட்டில் தவறாகக் கிடந்த இரண்டு சொல்லுக்கும் ஒரே மூச்சில் உதாரணம் கிடைத்துவிட்டது. இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

சின்னத்தாய் எழுந்து புழுதியைத் தட்டினாள். கத்தவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அவரை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். அந்தப் பார்வை சீ அல்ல, லுக். அதுவும் அவருக்குத் தெரிந்தது.

அப்பீல் நாள் கடந்து போயிற்று. அதற்குப் பிறகு ராவுத்தர் அந்த இரண்டு சொல்லையும் எந்த மனுவிலும் எழுதவில்லை. யார் எதை மறுத்தாலும் 'நோ என்று சொன்னார்' என்றே எழுதினார். ஏன் என்று கேட்க ஆள் இல்லை. நோட்டில் அந்தப் பக்கத்தைத் திருத்தவும் இல்லை. திருத்தினால் முன்பு தப்பாக இருந்தது என்று ஆகிவிடும் அல்லவா?

மறு வருஷம் ஆடியில், கூட்டம் இல்லாத ஒரு பகல் பொழுது, மொக்கையன் மரத்தடிக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். கன்னம் ஒட்டி, உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு. துண்டில் முடிந்து கொஞ்சம் மொச்சை கொண்டுவந்திருந்தான், அதை ராவுத்தர் பெட்டி மேல் அவிழ்த்து வைத்தான். சின்னத்தாய் பத்தடி தள்ளி, வெயிலிலேயே நின்றாள்.

"காளை எப்படி இருக்கு?" என்று கேட்டார் ராவுத்தர். வேறெதுவும் கேட்க வரவில்லை.

"அது மணியக்காரரு தொழுவத்துல நல்லா இருக்கு. இவ என்ன செய்வா, ஒத்தையில? நான் உள்ள போயி ரெண்டாம் மாசமே குடுத்துப்புட்டா." மொக்கையன் அதையும் சாதாரணமாகத்தான் சொன்னான். "அது கெடக்கட்டும் ராவுத்தரே. வேற ஒண்ணு கேக்கத்தேன் வந்தேன். இவ ஒரு பேச்சை வச்சுக்கிட்டு என்னைத் திங்க விடமாட்டேங்கிறா, ஒறங்க விடமாட்டேங்கிறா. நீங்க வார்த்தையை மாத்தி எழுதிட்டீகன்னு. நான் நம்பல. படிச்ச மனுசரு, எனக்கும் அவருக்கும் என்ன பகை, அப்படிச் செய்வாரான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்க மாட்டேங்கிறா. ஜெயிலு முடிஞ்சுபோச்சு, இனி அதுல ஆகப்போறது ஒண்ணுமில்ல. நீங்க உங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிப்புட்டா இவ மனசு ஆறிப்போகும். மாத்தி எழுதுனீகளா?"

இப்போது லைசென்ஸ் போகாது. கோர்ட்டு இல்லை, துரை இல்லை, பிரமாணம் இல்லை. சாக்குக்காரர்கள் பத்துப் பேரும் சாப்பிடப் போயிருந்தார்கள். எதிரே நிற்கிறவன் நம்பிக்கொண்டே கேட்கிறான். ஒப்புக்கொண்டால் அதிகம் போனால் ஒரு வசவு விழும். மொக்கையன் வையக்கூட மாட்டான், 'சரி போகுது, விடுங்க' என்பான். உண்மையைச் சொல்ல இதைவிட மலிவான நேரம் ஒரு மனுஷனுக்கு ஆண்டவன் கொடுக்கமாட்டான்.

ராவுத்தர் மொச்சையைப் பார்த்தார். கோட்டின் மேல் பொத்தானைத் தடவினார்.

"இல்ல மொக்கையா," என்றார். "நான் அப்படி எழுதல."

மொக்கையன் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் ராவுத்தரால் தாங்க முடியவில்லை. அவன் திரும்பிப் பெண்டாட்டியைக் கூப்பிட்டான்.

"பாத்தியாடி? நான் சொல்லல? பெரிய மனுசரை ஊரெல்லாம் வாயில போட்டு மென்னுக்கிட்டுத் திரிஞ்சியே! வா, வந்து ராவுத்தருக்கிட்ட மன்னாப்புக் கேளு."

சின்னத்தாய் இரண்டடி முன்னால் வந்தாள். போன வருஷம் வார்த்தைக்கு வார்த்தை அண்ணே என்றவள். இப்போது எந்த முறையும் சொல்லவில்லை. அவர் முகத்துக்கு நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"கேக்க மாட்டேன்."

மொக்கையன் அதட்டினான், ராவுத்தர் காதில் விழவில்லை. பழக்க தோஷம், மனசு தானாகப் பெயர் வைத்துவிட்டது. அவள் செய்தது ரெஃப்யூஸ். சற்று முன்னால் அவர் செய்தது டினை. இந்தத் தடவை இரண்டும் மாறவில்லை.